மூட்டைப் பெஞ்சும் டிக் டிக் டப்பாவும்

அண்ணன் கடையில் ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தது என்று சொல்வதே கொஞ்சம் கௌரவம் சேர்த்துச் சொல்வது. ஒருவர் கேட்ட கேள்விக்கு வாயைத் திறந்தேன். பதில் இல்லை, மூடினேன். அப்படி மூடிய வாய்க்குள் மாட்டிக்கொண்டதுதான் அந்த யோசனை.

கடை கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், எங்கள் வீட்டின் முன்னறையை ஷட்டர் போட்டு மாற்றியது. பலகையில் 'ரேடியம் ஒர்க்ஸ்' என்றிருக்கும். எங்கள் பக்கம் ராத்திரியில் வண்டிமேல் பளிச்சென்று தெரிவதெல்லாம் ரேடியம்தான். பைக் நம்பர், டிராக்டர் பின்னாலிருக்கும் சிவப்புப் பட்டை, லாரி முதுகில் சாமி பேர், எல்லாம். அண்ணன் கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து மிஷினில் வெட்டுவான். எழுத்துக்கு நடுவே வேண்டாத துண்டுகளை ஊசியால் உரித்தெடுப்பது என் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, பி.எட். சேர்வதா போட்டித் தேர்வு எழுதுவதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம் நடந்த காலம் அது. கையில் ஊசி இருந்ததால் நான் சும்மா இருக்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு உண்டு. மரப்பெஞ்சு இல்லை. அப்பாவின் உர மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கி, மேலே யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸை விரித்திருந்தது. மாப்பிள்ளை முகத்தின் மேல் ஊரே உட்கார வேண்டாமென்று அண்ணன் அதைக் குப்புறப் போட்டிருந்தான்.

அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் நைனார்பாளையத்துக்காரர். பள்ளிக்கூட வேன்கள் ஓட்டுகிறவர். பள்ளி திறப்பதற்கு முன் எஃப்சிக்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும், அதற்கு எல்லா வேனிலும் ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும். இப்படி மொத்தமாக ஒரு வேலை அண்ணன் கடைக்கு அதுவரை வந்ததே இல்லை. அண்ணன் குரலில் தேன் ஒழுகியது. வேன்காரர் ஸ்டிக்கர் தாளை முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏம்பா, இது ரேடியந்தான. எம் பொண்ணும் இந்த வேன்லதான் போய்க்கினு வர்றா. பின்கதவுகிட்டதான் உக்காருவா. ரேடியத்தால கேன்சர் வரும்னு போன்ல வந்துச்சே."

"எந்தங்கச்சி பிசிக்ஸு. அதையே கேளுங்கண்ணா" என்றான் அண்ணன், ஏதோ டாக்டரைக் காட்டுகிற மாதிரி.

"இதுல ரேடியமே இல்லண்ணா" என்றேன். "பேர்தான் அப்படி. உள்ள குட்டிகுட்டியா கண்ணாடி மணி இருக்கும். லைட் பட்டா திருப்பி அனுப்பும். அவ்ளோதான்."

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சிருக்கேன்."

"படிச்ச, சரி. பாத்தியா?"

வாயைத் திறந்தேன் என்று சொன்னேனே, அது இங்கேதான்.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. "தப்பா நெனைக்காதம்மா. நானு ஒவ்வொரு வருசமும் எஃப்சிக்கு முன்னால எல்லா வண்டியும் எடுத்துகினு மல ஏறி எறங்குவேன். பிரேக்க நானே மிதிச்சிப் பாக்காம புள்ளைங்கள ஏத்த மாட்டேன். மெக்கானிக்கு பார்த்துட்டன்னுதான் சொல்லுவான். அவன் சொல்றது வேற, எங்காலு சொல்றது வேற." எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். "சின்னசேலத்துல ஒரு கடையில 'ரேடியம் இல்லாத ஸ்டிக்கர்'னு போர்டே வெச்சிருக்கான். அங்கயும் ஒருவாட்டி கேட்டுட்டு வரேன்."

அந்தக் கடைக்காரரும் அண்ணனும் தாள் வாங்குவது ஒரே மொத்தக் கடையில். அதைச் சொல்ல அண்ணன் வாய் துடித்தது. ஆனால் அவர் கேட்டது தாள் எங்கே வாங்கியது என்று அல்லவே.

எனக்கு ஏன் சுருக்கென்றது என்றால், நான் கதிர்வீச்சை அளந்ததாகக் கையெழுத்துப் போட்டு மதிப்பெண் வாங்கியவள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கைகர் கருவி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டோடு. அதன் சோதனை வந்த நாளில் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்தார்கள், பக்கத்தில் அளவுகள் எழுதினார்கள், வகுப்பு மொத்தமும் ஒரே அளவுகளை எடுத்தோம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சிதைந்த அணுக்கள் உலகத்தில் எங்கள் வகுப்பில்தான் இருந்திருக்கும். அந்தக் கருவி 'டிக்' என்று சத்தம் போடும் என்பதைக்கூட நான் வீடியோவில்தான் கேட்டேன்.

ஆக, யோசனை இதுதான்: நானே ஒன்றை வாங்கி, ஸ்டிக்கரின் மேல் வைத்து, வேன்காரர் காதில் கேட்க வைத்துவிடுவது.

இதில் அண்ணனுடைய தலையெழுத்தும் இருந்தது. பெங்களூருக் கம்பெனியின் ராத்திரி ஷிஃப்டை விட்டுவிட்டு வந்துதான் அவன் கடை வைத்தான். அறை அப்பாவுடையது. அப்பா மரவள்ளிக்காரர். உரம் எப்போது கிடைக்கிறதோ அப்போது வாங்கி வைத்துக்கொள்ளும் ஜாதி. கடை திறந்த புதிதில் மூலையில் ஒரு மூட்டை. அப்புறம் சுவரோரம் ஒரு வரிசை. அப்புறம் அந்த வரிசைமேல் இன்னொரு வரிசை. வேலை வராத மாதமெல்லாம் மூட்டை வந்தது. அப்பா சண்டை போட மாட்டார், மூட்டை போடுவார். கடைசியில் வாய் திறந்து சொன்னதும் ஒரே ஒரு தடவைதான்: "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பெரிய வேல ஒண்ணு வந்தா கடை உன்னுது. வரலன்னா எம்மூட்டைக்கி எடம் வுட்டுட்டு பெங்களூர் பஸ் ஏறு."

அதனால் கருவிக்கான செலவை அண்ணனே ஏற்றுக்கொண்டான். பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன். "விளம்பரச் செலவுடி" என்றான்.

வந்தது ஒரு பச்சைச் சர்க்யூட் பலகை. அதன் மேல் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய், கடுகளவு ஸ்பீக்கர். பெட்டி கிடையாது. சமையலறையில் தேடி அம்மாவின் பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் குழாய்க்கு நேராக ஒரு ஜன்னல் வெட்டி, உள்ளே பொருத்தினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றுமில்லை. வயரை மாற்றியிருக்கிறேனோ என்று குனிந்தபோது, டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் அவசரமாக இரண்டு. நான் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கல்லூரி எனக்குத் தர வேண்டிய சத்தம் அது.

அம்மா எட்டிப் பார்த்தாள். முதலில் டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தாள், பிறகுதான் காது கொடுத்தாள்.

"எதுமேல வெச்சிருக்க? இன்னாத்துக்கு கத்துது?"

"எதுமேலயும் இல்லம்மா. சும்மாவே வரும். தரையில இருந்து வரும், செவுத்துல இருந்து வரும், வானத்துல இருந்தும் வரும். எப்பவுமே இருக்கறது. பின்னணின்னு சொல்லுவாங்க."

"இப்ப வந்துகினு இருக்கா, எம்மேல?"

"வந்துகினுதான் இருக்கு."

"அப்ப ஆஃப் பண்ணு. நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஸ்டிக்கரை முதல் நாளே சோதித்துவிட்டேன். சமையலறை மேடையில் டப்பாவை வெறுமனே வைத்தால் நிமிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது டிக். ஸ்டிக்கர்மேல் வைத்தாலும் அதேதான். தாள் ஊமை. வேன்காரருக்கு அன்றைக்கே போன் போட்டிருக்கலாம். ஆனால் அவர் மச்சான் வீட்டுக் காரியமாக வெளியூர் போயிருந்தார். அந்த இடைவெளியில்தான் எனக்குப் பித்துப் பிடித்தது.

கையில் கேட்கிற காது இருக்கிறது, ஊரில் எது பேசுகிறது என்று தெரிய வேண்டாமா? டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, அதில் துளி கதிர்வீச்சு உண்டு என்று படித்திருந்ததால், ஒரு சீப்பு முழுக்க டப்பாமேல் அடுக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. சோதனை முடிந்த பழங்களை அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்து தின்றான், கதிர் ஆறட்டுமென்று. டைல்ஸ் கடையில் கிரானைட் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். சிவப்புக் கல் கொஞ்சம் முணுமுணுத்தது, கறுப்பு வாயே திறக்கவில்லை. கடைக்காரர் கல்யாணத்துக்கு வீடு கட்டுகிறாயா என்றார். அப்பாவின் ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த உப்பு, சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைச் சேர்த்தது, அதைக் கிண்ணத்தில் கொட்டி வைத்தபோது டிக் லேசாகக் கூடியது. பரவாயில்லையே என்று ஊறுகாய் பாட்டிலில் போட்டுப் பேர் எழுதி வைத்தேன். அம்மாவிடம், "பயப்படாதம்மா, சாப்பிடலாம்" என்றேன். "நீ சொல்லலன்னா நான் பயப்பட்டே இருக்க மாட்டேன்" என்றாள்.

எங்கள் ஷோகேஸில், கன்னியாகுமரி டூர் போனபோது அம்மா வாங்கி வந்த மணல் பொட்டலங்கள் இருக்கின்றன. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று வரிசையாக. அந்தக் கடற்கரை மணலில் தோரியம் உண்டு என்று பாடத்தில் இருந்ததே. அட்டையைப் பிரிக்காமல் அப்படியே டப்பாவை மேலே வைத்தேன். மழை தகர ஷீட்டில் விழ ஆரம்பித்த மாதிரி இருந்தது. அம்மா சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, மறுபடியும் அங்கேயே வைத்தாள். "அம்மன் ஊரு மண்ணு. இருந்தா இருந்துட்டுப் போவுது."

மார்க்கெட் சந்தில் ஒரு பழைய இரும்புச் சாமான் கடையில் காஸ் விளக்குக்கு மாட்டும் வலைப் பை கிடைத்தது. மேண்டில் என்பார்கள், பழையதில் தோரியம் இருக்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கும்போது இதை எதற்குக் கேட்கிறாய் என்று கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். அதை உறையோடு டப்பாவின் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். டிக் டிக் என்று பிரித்துக் கேட்க முடியாமல் கறகறவென்று ஒரே இழுப்பாக வந்தது. உறையைக் கிழிக்காமல், இன்னொரு பிளாஸ்டிக் கவருக்குள் ஒட்டி, மரப்பெட்டியில் அலமாரி உச்சியில் வைத்தேன். உதிர்ந்த தூள் மூச்சில் போகக்கூடாது, கையைக் கழுவ வேண்டும், இந்த இரண்டில் மட்டும் நான் கறார். அலமாரி நிறைந்தது. என் சேகரிப்பைப் பார்த்து அண்ணன், "ஊருல பொண்ணுங்க வளையல் சேக்கும்" என்றான்.

வேன்காரர் ஊர் திரும்பினார். கடைக்கு வரச் சொன்னோம்.

அன்றைக்கு அண்ணன் மேசையில் யாருடைய டிராக்டருக்கோ எழுத்து வெட்டிக்கொண்டிருந்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் மேசையில் ஓரமாக மட்டும்தான் இடம். வேன்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் டப்பாவை மேசை ஓரத்தில் வைத்து, இதுதான் பின்னணி, இது எங்கேயும் இருக்கும், இந்த வேகத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வகுப்பெடுத்தேன். அவர் தலையாட்டினார். "பஸ்ஸு நியூட்ரல்ல நிக்கிற மாதிரி" என்றார். நல்ல மாணவர்.

"இப்ப ஸ்டிக்கர் மேல வெக்கறேன். இதே வேகம்தான் வரும்."

மேசையில் தாளை விரிக்க இடமில்லை. அவருக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் விரித்தேன். டப்பாவை அதன்மேல் வைத்தேன்.

டிக். டிக் டிக். டிக் டிக் டிக்.

"இன்னாம்மா, கியரு மாறுது?" என்றார்.

"சில சமயம் அப்படி வரும்ண்ணா, ஒரு நிமிசம் பொறுங்க" என்றேன். பொறுத்தோம். குறையவில்லை. மேசையில் இருந்ததைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். அண்ணன் மிஷினை நிறுத்தினான். நிறுத்தியதும் டிக் இன்னும் தெளிவாகக் கேட்டது. வேன்காரர் மெல்ல எழுந்து, தாளிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். பெஞ்சில் பட்டிருந்த வேட்டியின் பின்புறத்தைத் தட்டிவிட்டார்.

"தப்பில்லம்மா. நீயாவது பாத்து சொன்ன" என்றார். "நான் சொல்றம்பா." கடைசியாகச் சொன்னது அண்ணனுக்கு. எங்கள் பக்கம் 'சொல்றம்பா' என்றால் சொல்ல மாட்டார் என்று அர்த்தம்.

அண்ணன் வாசலில் நின்று வண்டி கிளம்பும் வரை பார்த்தான். அப்புறம், "காசு குடுத்து வாங்கி, டப்பாவுல போட்டு, கஸ்டமர எதிர்ல உக்கார வெச்சி, கடைய மூடியிருக்க. வேற எவனாலயும் இவ்ளோ நீட்டா பண்ண முடியாது" என்றான். கோபத்தில் அவன் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்குத் தரைக்குக் கீழே போயிருந்தது.

இந்தச் செய்தி அப்பாவுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. மத்தியானம் டேப்பைக் கொண்டுவந்து, மிஷின் மேசை இருந்த இடத்தை நீளவாக்கில் அளந்தார்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு யோசித்தேன். சமையலறையில் ஊமையாக இருந்த அதே தாள் கடையில் ஏன் பேசுகிறது? தாளை எடுத்துக்கொண்டு கடைப் படிக்குப் போனேன். ஊமை. மேசைமேல் வைத்தேன். ஊமை. மறுபடி பெஞ்சு. டிக் டிக் டிக். அண்ணன் இதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். தாளை உருவி எடுத்துவிட்டு, டப்பாவை மட்டும் பெஞ்சில் வைத்தேன்.

குறையவில்லை. கொஞ்சம் கூடியது.

"தாள் இல்லாமயே கத்துதுடா."

"அந்த மாப்பிள்ளையா?" என்றான் அண்ணன். ஃப்ளெக்ஸைச் சொல்கிறான். இருவருமாக அதை இழுத்து வெளியே படியில் விரித்துப் பார்த்தோம். மாப்பிள்ளை நிரபராதி. உள்ளே வந்து மூட்டையின் மேல் நேராக டப்பாவை வைத்தேன். இதுவரை கேட்டதை விட வேகம். குனிந்து மூட்டையில் எழுதியிருந்ததைப் படித்தேன். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த எழுத்துத்தான். பொட்டாஷ்.

ஊறுகாய் பாட்டிலில் கால் கிலோ பொட்டாசிய உப்பைப் போட்டுப் பேர் எழுதி வைத்தவள் நான். வாழைப்பழத்தைச் சீப்பாக அடுக்கியவள் நான். மார்க்கெட் சந்து, டைல்ஸ் கடை, சாமி அலமாரி என்று ஊரையே மோப்பம் பிடித்துவிட்டு வந்தவள், மலைபோலப் பொட்டாசியம் அடுக்கிய அறையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வருகிற கஸ்டமரையெல்லாம் அதன்மேல் உட்கார வேறு வைத்திருக்கிறோம். பின்னணியை மேசையில் அளந்து, சோதனையைப் பெஞ்சில் செய்தது அதைவிட மோசம். எங்கே சோதிக்கிறோமோ அங்கேதான் பின்னணியை எடுக்க வேண்டும் என்பது, அலமாரியைப் பூட்டி வைத்திருந்த எங்கள் கல்லூரியே சொல்லிக்கொடுத்த பாடம்.

மூட்டை வாயைக் கொஞ்சம் பிரித்து, செங்கல் தூள் நிறத்திலிருந்த உப்பைக் கரண்டியால் எடுத்துப் பாட்டிலில் போட்டேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனுக்கு வரவில்லை.

"நீ சிரி. அந்தாளு இந்நேரம் சின்னசேலத்துல இருப்பான்."

அப்பாவிடம் சொன்னோம். அவர் டப்பாவைக் கையில் வாங்கி, மூட்டைமேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"இந்தப் பொட்டாஷ காலங்காலமா கையால அள்ளித்தான் வீசறேன். எனக்கு இன்னா ரெண்டு தலையா மொளச்சிது?"

"இருக்கற ஒண்ணுலயே வேல ஆவல" என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

"ஒண்ணும் ஆகாதுப்பா. ரொம்பக் கம்மி. ஆனா வேன்காரர் கேட்டது பொட்டாஷ் சத்தம். அவரு ஸ்டிக்கர்னு நெனச்சிட்டாரு."

அப்பா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அப்ப போயி சொல்லு. ஊமைத் தாளப் பேசுதுன்னு அனுப்பிச்சிட்டு, இங்க நின்னுகினு எனக்கு பாடம் எடுக்கற."

அண்ணன் பைக்கில் நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நைனார்பாளையம் போனோம். வேன்காரர் வாசலில் வேன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். சின்னசேலத்துக்கு அவர் போகவில்லை, நாளைக்குப் போகலாமென்று இருந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார்.

இந்த முறை நான் வகுப்பெடுக்கவில்லை. டீ வைக்கிற குட்டி மேசையில் முதலில் டப்பா மட்டும். அப்புறம் அதே மேசையில், அதே இடத்தில், தாளை விரித்து அதன்மேல் டப்பா. மூவரும் கேட்டோம். நியூட்ரலிலேயே நின்றது. வேன்காரர் தாளைத் தானே எடுத்தார், வைத்தார், மடித்து வைத்தார், குப்புற வைத்தார். அவர் காலால் மிதித்துப் பார்க்கிற ஆள். இதைக் கையால் மிதித்துப் பார்த்தார்.

"இப்ப ஒண்ணும் இல்ல. கடையில மட்டும் ஏன் கத்திச்சி?"

"கடையில நீங்க உக்காந்திருந்த மூட்டைண்ணா. பொட்டாஷு. உங்க வூட்ல இருக்கா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவருக்கும் மரவள்ளிதான். அவர் கை கதவுக்குப் பின்னால் காட்டியது. அங்கே பழைய புடவை போர்த்திய மூட்டைகள். மேலே ஒரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போனை எடுத்துவிட்டு டப்பாவை வைத்தேன். டிக் டிக் டிக் டிக்.

வேன்காரர் மனைவி மோர்ச் சொம்போடு நின்றுவிட்டார். "நான் தெனம் அதும்மேல உக்காந்துகினுதான் கீரை ஆயறேன்."

"அப்ப ஸ்டிக்கர்ல இல்ல. எங்க வூட்லதான் இருக்குன்ற" என்றார் வேன்காரர்.

"உங்க வூட்ல, எங்க வூட்ல, மரவள்ளி போடற எல்லார் வூட்லயும் இருக்குண்ணா. வாழைப்பழத்துல, கிழங்குல, உங்க உடம்புல, எங்க உடம்புல."

பின்னாலிருந்து அண்ணன் மெல்லிய குரலில், "நல்லா வியாபாரம் பண்ற" என்றான்.

வேன்காரர் டப்பாவின் ஜன்னலைத் தன் முன்கையில் வைத்து அழுத்திக்கொண்டார். காதைச் சாய்த்துக் கேட்டார். "எங்கிட்ட இருக்குன்ன. கேக்கலியே?"

"அவ்ளோ கம்மிண்ணா. இந்த டப்பாவுக்குக் காது பத்தாது."

"சுத்தி வளைக்காத. கெடுதலா, இல்லியா?"

"பக்கத்துல உக்காரறதால கெடுதல் இல்ல. மல மேல குடியிருக்கறவங்களுக்கு நம்மளவிட வானத்துல இருந்து கொஞ்சம் ஜாஸ்தி வரும். அவங்க நல்லாத்தான இருக்காங்க. அந்த மாதிரி சின்ன வித்தியாசந்தான்."

அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு ஏறியது.

"மல மேல ஜாஸ்தியா? பாத்தியா?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.

"படிச்சிருக்கேன்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லி அவர் சிரிக்க ஆரம்பித்ததும், அவர் மனைவியும் சொம்பை வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கலாமா வேண்டாமா என்று வேன்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாளு என் கண்ணெதிர வாயத் தொறக்கல. அது போதும். எல்லா வண்டிக்கும் ஒட்டிடுப்பா" என்றார் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒட்டி முடிச்சதும் பிரேக் பாக்க வெள்ளிமல ஏறுவேன். நீயும் டப்பாவ தூக்கிகினு வந்து ஏறு. நானு பிரேக்க பாக்கறேன், நீ வானத்த பாரு. ஜாஸ்தி இல்லன்னு வெச்சிக்க, வழியிலயே எறக்கி வுட்டுருவேன்."

திரும்பி வரும்போது அண்ணன் சின்னசேலம் ரோட்டில் பைக்கை நிறுத்தி எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். ஏன் என்று சொல்லவில்லை. நானும் விளம்பரச் செலவா என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஆள் வைத்து மூட்டைகளைக் கொல்லைப்புறத்து ஷெட்டுக்கு மாற்றினார். கதிரைப் பற்றியோ, பள்ளிக்கூடத் திறப்பைப் பற்றியோ, பெங்களூர் பஸ்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "வண்டிக்காரன் தாளு விரிக்க எடம் வேணுமில்ல" என்றார். கீழ்வரிசை மூட்டைகளை மட்டும் அண்ணனே தடுத்துவிட்டான். உட்கார ஏதாவது வேண்டுமே. செய்தி எப்படியோ பரவி, பைக்குக்கு நம்பர் ஒட்ட வருகிறவர்கள், "கத்தற மூட்டை எது?" என்று கேட்டு அதன்மேல் தேடிப்பிடித்து உட்காருகிறார்கள். நான் டப்பாவை வைத்துக் காட்டுகிறேன். காத்திருக்கிற நேரத்தில் அலுப்பு தெரிவதில்லை. என் சேகரிப்பிலேயே பெரிய மாதிரி அதுதான். அலமாரியில் ஏற்ற முடியாததால் பேர்ச் சீட்டை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது வேன்களுக்குப் பட்டை ஒட்டுகிற வேலை நடக்கிறது. மலைக்குப் போகிற வேன்தான் கடைசி. எனக்கோ வேறு கவலை. மலை மேலே டிக் கூடினாலும், அது வானத்திலிருந்து வந்ததா பாறையிலிருந்து வந்ததா என்று எப்படிச் சொல்வது? வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலை முழுக்கக் கல். கல் முணுமுணுக்கும் என்று டைல்ஸ் கடையிலேயே பார்த்துவிட்டேன். மூட்டையை ஸ்டிக்கர் என்று நினைத்தவள், பாறையை வானம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. தண்ணீர். ஆழமான தண்ணீருக்கு மேலே இருந்தால், கீழே இருக்கிற பாறையின் சத்தத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மிச்சம் வருவது பெரும்பாலும் மேலேயிருந்துதான். மலையடிவாரத்தில் கோமுகி அணை இருக்கிறது. மேலே கரியாலூரில் படகுத் துறை இருக்கிறது. கீழே மீன் பிடிக்கிறவர் யாராவது பரிசலில் ஏற்றிக்கொண்டால் நடுத்தண்ணீரில் ஒரு அளவு, மேலே பெடல் படகில் நடுத்தண்ணீரில் ஒரு அளவு. இரண்டிலும் நிறைய நேரம் கேட்க வேண்டும், வித்தியாசம் சின்னதாகத்தான் இருக்கும். வேன்காரரிடம் சொன்னேன். "பிரேக் பாக்க போறவன படகுல ஏத்தறியே" என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணனும் வருகிறானாம். பெடலை நான்தான் மிதிக்க வேண்டுமாம். அவன் வானத்தைப் பார்த்துக்கொள்வானாம்.

பை தயாராக இருக்கிறது. டப்பா, மாற்று பேட்டரி, தண்ணீர் படாமல் மூட ஒரு பிளாஸ்டிக் உறை. மணலும் மேண்டிலும் வீட்டிலேயே இருக்கட்டும். வேனில் ஏறியதும் ஸ்விட்சைப் போட மாட்டேன். வேன்காரருக்கு வயலுக்குப் போகிற வழியில் வேனிலேயே உரம் ஏற்றிக்கொண்டு போகிற பழக்கம் உண்டென்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். முதலில் குனிந்து, என் சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.